வாயு என்று பேர் வைத்தது
ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் வெற்று மார்போடு பரிசோதனைக் கட்டிலில் கிடக்கிறார். சட்டை மனைவியின் மடியில். மின்விசிறிக் காற்றில் படபடக்கும் ஈசிஜி காகிதத்தைப் பிடித்தபடி, "ஏற்கெனவே ஒரு ஹார்ட் அட்டாக் வந்துட்டுப் போயிருக்கு," என்கிறார் டாக்டர். "எனக்கே தெரியாமலா?" பின்னால் எறும்பு ஹாரன் அடித்தாலும் கேட்டு வழிவிட்ட மனுஷன் அவர்! போன வருஷம் வியர்த்துப்போய் நெஞ்சைப் பிடித்தவரிடம், "வாயுதான், சோடா குடிங்க" என்றவள் மனைவிதான். அன்று அவர் விட்ட ஏப்பத்தில் தெருவே குலுங்கியது. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "அடுத்ததும் சொல்லிட்டு வராது. தினம் நடக்கணும், சிகரெட்டை விடணும்," என்கிறார் டாக்டர். மனைவி அவர் சட்டைப் பையிலிருந்து சிகரெட் பெட்டியை எடுத்துக் குப்பைக்கூடையில் போடுகிறாள். மற்ற நாளென்றால் கூரை பறந்திருக்கும். அவர் கண்ணை மூடிக்கொண்டு, களைத்த குரலில் சொல்கிறார்: "பை அடியில தீப்பெட்டி இருக்கு, அதையும் போட்டுடும்மா."