லயத்து ரொட்டி

ஏரி, அருவி, தேயிலைத் தொழிற்சாலை எல்லாம் காட்டியாயிற்று. வெள்ளைக்காரத் தம்பதிக்கு இனி தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடொன்றில் ரொட்டி சாப்பிட்டே ஆகவேண்டுமாம். தனக்கு வீடு நுவரெலியா டவுனில் என்று காலையில் அளந்துவிட்டிருந்த வழிகாட்டி மோகனதாசுக்கு அந்தக் குளிரிலும் வியர்த்தது. சொல்லாமல் கொள்ளாமல் போய்த் தட்ட அவனுக்கு ஒரே ஒரு கதவுதான் இருந்தது.

கதவைத் திறந்த ரஞ்சிதம் அவனைப் பார்த்தாள், விருந்தாளிகளைப் பார்த்தாள். எதுவும் கேட்காமல் ரொட்டி சுட்டு, தேங்காய்ச் சம்பலோடு வைத்தாள்.

வெள்ளைக்காரி இங்கிலீஷில் கேட்டாள். "இந்த ஒற்றை அறையை விட்டுப் போக இவளுக்கு ஆசையில்லையா?"

மோகனதாஸ் தலைகுனிந்தபடி தமிழில் கேட்டான். "இங்கேருந்து போக ஆசையில்லையான்னு கேக்குறாங்க."

"ஆசையெல்லாம் அப்புறம். வேல முடிஞ்சு வீட்டுக்கு வர்றப்ப மாவு வாங்கிட்டு வாங்க. நம்ம புள்ளைங்களுக்கு வச்சிருந்ததையும் சுட்டுட்டேன்."

"என்ன சொல்கிறாள்?"

"இங்கேயே சந்தோஷமாக இருக்கிறாளாம், மேடம்."