கோட்டோர நாற்காலி

“பன்னிரண்டாம் பக்கத்துல கால் சுளுக்கினவன் பதினாலாம் பக்கத்துல ஓடறான். எந்த ஊர்க் கணுக்கால் அது?”

கேட்டுவிட்டுக் கடைக்காரர் குனிந்து, இயந்திரத்தில் பொருத்தியிருந்த இறகுப்பந்து மட்டையில் அடுத்த நரம்பைக் கோத்தார். எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி, தப்பு செய்து மாட்டிக்கொண்ட மாணவி போலச் சட்டென்று பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டாள்.

அவள் எழுதிய முதல் நாவல் அது. இறகுப்பந்து வீரன் ஒருவனுடைய காதல் கதை. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து இரண்டு வருடமாக எழுதியது. இரண்டு தெரு தள்ளியிருக்கும் பதிப்பகத்தில் இன்று ஐந்து மணிக்குள் கொடுக்க வேண்டும். “நீங்க வேண்டாம்னு சொன்னா கொடுக்கமாட்டேன்” என்று சொல்லித்தான் மூன்று நாள் முன்பு தாள்கட்டை அவரிடம் நீட்டியிருந்தாள். இப்போது மணி மூன்றரை.

“அப்புறம்?” என்றாள்.

“அவன் வேர்வை மணக்குதுன்னு மூணு இடத்துல எழுதியிருக்க. ஆடிட்டு வந்தவன் பக்கத்துல ஒரு தடவை நின்னு பார்த்தா அப்படி எழுதமாட்ட.”

“முப்பது வருஷமா நின்னுட்டுத்தானே இருக்கேன். மூக்கு பழகிப்போச்சு.”

அவர் தோள் குலுங்கச் சிரித்தார். அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

“காதல் எப்படிங்க இருக்கு?”

“அதுக்கென்ன, நல்லாத்தான் இருக்கு. பேட் உறைக்குள்ள அவ கடுதாசி வைக்கிற இடத்தை ரெண்டு தடவை படிச்சேன். ஆனா, இறுதி ஆட்டத்துலதான் எனக்கு உதைக்குது.”

அவள் பேனாவை மூடினாள். மறுபடி திறந்தாள்.

அந்த அத்தியாயத்தை மட்டும் அவள் ஏழு முறை மாற்றி எழுதியிருந்தாள். ஜெயித்தால் கதாநாயகன் மூன்று வருடப் பயிற்சிக்கு வெளிநாடு போய்விடுவான். எதிராளிக்கோ வெற்றிக்கு ஒரே ஒரு புள்ளி பாக்கி. கதாநாயகன் ஓங்கி அடிக்கிறான். இறகுப்பந்து பக்கக் கோட்டுக்கு உள்ளேதான் விழுகிறது. ஆனால் கோட்டோர நாற்காலியில் இருந்து அதைப் பார்த்துச் சொல்ல வேண்டிய கதாநாயகி, அவனைப் பிரிய மனமில்லாமல் இரண்டு கையையும் விரித்து “அவுட்” என்று சொல்லிவிடுகிறாள். அவன் தோற்கிறான். பிறகு அவளையே கல்யாணம் செய்துகொள்கிறான். கடைசிவரை அவனுக்கு உண்மை தெரியாது.

“அவ செஞ்சது பெரிய தப்புன்னு நினைக்கிறீங்க. அப்படித்தானே?” என்றாள்.

“தப்பா சரியான்னு சொல்ல நான் என்ன நீதிபதியா? ஆசைப்பட்டவ அப்படிச் செய்வா. நம்பறேன். அவனைத்தான் என்னால நம்ப முடியல.”

“ஏன்? அவன் என்ன பண்ணினான்?”

“ஒண்ணுமே பண்ணலையே, அதைத்தான் கேட்கறேன்! அவன் நேரா அடிச்ச ஷட்டில். எங்க விழுந்துச்சுன்னு அடிச்சவனைவிட வேற யாருக்குத் தெரியும்? நடுவர்கிட்ட போய்ச் சண்டை போட்டிருக்கணும். இவன் என்னடான்னா, பூனைக்குட்டி மாதிரிப் போய் எதிராளி கையைக் குலுக்கறான்.”

“லைட்டு கண்ணுல அடிச்சிருக்கும்.”

“கோட்டைப் பார்க்கறவன் எதுக்கு லைட்டைப் பார்க்கறான்?”

“களைச்சுப் போயிருப்பான்.”

“கால் களைக்கும், கை களைக்கும். கண்ணுமா?”

போன் அடித்தது. எடுத்து, “அஞ்சு நிமிஷத்துல பேட் ரெடி” என்று சொல்லி வைத்தார். அது அவர் எல்லாரிடமும் சொல்லும் அஞ்சு நிமிஷம்.

“படிக்கிறவங்க கேட்பாங்கம்மா,” என்று விட்ட இடத்தில் பிடித்தார். “அவன் ஏன் வாயைத் திறக்கலைன்னு நீ காரணம் எழுதியே ஆகணும்.”

“என்னன்னு எழுதச் சொல்றீங்க?” என்றாள். “அவன் ஏன் சும்மா இருந்தான்னு எனக்கே தெரியலையே!”

சொன்ன பிறகுதான், அதிகம் சொல்லிவிட்டோமோ என்று அவளுக்கு உறைத்தது. அவசர அவசரமாகத் தாள்களை அடுக்கினாள். ஓரம் சேரவில்லை.

“விடுங்க. நான் இதைக் கொடுக்கல. வீட்டுக்குப் போறேன்.”

முப்பத்தோரு வருடங்களுக்கு முன்னால் அந்த நாற்காலியில் உட்கார்ந்து கையை விரித்தவள் அவள்தான். அன்று தோற்றவர் இவர்தான். இத்தனை வருடமும் அவள் அதை இவரிடம் சொன்னதில்லை.

அவர் நரம்பின் நுனியை முடிச்சுப் போட்டு இறுக்கினார். நிமிரவில்லை.

“ஒரே ஒரு வரி சேர்த்து, கொண்டு போய்க் கொடுத்துடு,” என்றார். “ஷட்டில் உள்ளதான் விழுந்துச்சுன்னு அவனும் பார்த்தான். அந்தப் பொண்ணை விட்டுட்டுப் போக அவனுக்கும் மனசு வரல.”