தம்புசாமி என்ன வாங்கினார்?

"எண்பத்திரண்டாம் வருஷ லீக். பதினாலு ஆட்டம், பதினோரு தோல்வி. அடுத்த வருஷம் ரெண்டாம் டிவிஷன். இதுக்கு நமக்கு ஒரு மேனேஜர்!"

பொருளாளர் இராமலிங்கம் கையிலிருந்த தாளை மேசைமேல் வீசினார். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் மளிகைக்கடை மாடியிலிருந்த காற்பந்துச் சங்க அறையில் கமிட்டிக் கூட்டம்.

எதிரே மேனேஜர் தம்புசாமி. லோரி ஓட்டிவிட்டு நேராக வந்திருந்தார். சட்டையெல்லாம் சிமெண்ட் தூசி.

"சங்கத்துல காசு இல்ல. புது ஆட்டக்காரங்களை எடுக்க முடியல. அது எங்க குறை, ஒத்துக்கிறேன்" என்றார் தலைவர் அப்துல் மஜீத். "ஆனா இருந்த மூணு பேரை எதுக்கு விட்டீங்க? யூனுஸ், பெர்னார்டு, அய்யாவு. மூணு பேரும் ஒரே பேங்க் டீமுக்கு! நமக்கு டிரான்ஸ்பர் பணம்னு ஒரு வெள்ளி கூட வரல."

"நல்லா ஆடுற பசங்க தலைவரே. கேட்டாங்க, விட்டுட்டேன்."

"சும்மாவா விட்டீங்க?"

இராமலிங்கம் எழுந்தேவிட்டார். ஒரு மாதமாக அவர் நெஞ்சை அரித்துக்கொண்டிருந்த சந்தேகம் அது.

"அந்த பேங்க் ஆபீசுக்கு நீங்க நாலு தடவை போனதை என் கண்ணால பார்த்தேன். கமிஷன் எவ்வளவு வாங்கினீங்க? சொல்லுங்க லா!"

தம்புசாமியின் முகம் கறுத்தது.

"நான் விலகிக்கிறேன் சார். இதோட விட்டுடுங்க."

இராமலிங்கத்துக்கு அந்தப் பதிலே போதுமாயிருந்தது. மடியில் கனமில்லாத மனுஷன் ஏன் நழுவப் பார்க்க வேண்டும்?

"அப்படியெல்லாம் விட முடியாது. அந்த பேங்க் ஸ்போர்ட்ஸ் ஆபீசர் சண்முகரத்தினத்தோட வீட்டு நம்பர் என்கிட்ட இருக்கு. இப்பவே கேக்குறேன்."

"போன் வேணாம் சார். பசங்க காதுக்குப் போயிடும்..."

இராமலிங்கம் காதில் வாங்காமல் டயலைச் சுழற்றினார்.

"ஹலோ, சண்முகரத்தினம் சாரா? எங்க மேனேஜர் விஷயமா ஒண்ணு கேக்கணும். அந்த மூணு பேரை விட்டதுக்கு அவர் உங்ககிட்ட என்ன கேட்டார்?"

மறுமுனையில் நெடுநேரம் பேசினார்கள்.

"எப்போ சார்?... அவர் வாயாலயே சொன்னாரா?... சரிங்க சார்."

போனை வைத்த பிறகும் இராமலிங்கம் திரும்பவில்லை. தம்புசாமி இருந்த பக்கம் பார்க்க அவரால் முடியவில்லை.

"என்னங்க இராமலிங்கம்?" தலைவர் பொறுமையிழந்தார். "வாங்கினாரா, இல்லையா?"

"வாங்கியிருக்கார் தலைவரே. அவங்க டீமுக்கு மேனேஜரா வாங்கன்னு பேங்க்ல இவருக்கு நிரந்தர வேலை தர்றதா சொல்லியிருக்காங்க. அது எனக்கு வேணாம்னு சொல்லிட்டு, நம்ம பசங்க மூணு பேருக்கும் அங்க வேலை வாங்கிக் கொடுத்திருக்கார்."