வெரி குட்

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில், ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி வெயில் தகரக் கூரையைக் காய்ச்சிக்கொண்டிருக்கிறது. ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பின் மூன்றாவது பெஞ்சில் மாயக்காள் உட்கார்ந்திருக்கிறாள். எரியோட்டிலிருந்து வருகிறவள். பதினெட்டு வருஷமாக நூல் மில்லில் நிற்கிறாள். சூப்பர்வைசர் ஆக இங்கிலீஷ் வேண்டுமாம். முந்தானையால் கழுத்தைத் துடைக்கிறாள். அதைப் பார்த்துவிட்ட ஸ்டான்லி சார் பலகையில் எழுதுகிறார்: ‘ஃபேட் மாயக்காள் ஸ்வெட்ஸ் ஹெவிலி.’ “குண்டு மாயக்காளுக்கு வேர்த்துக் கொட்டுது. இதுல நவுன் எது?” “மாயக்காள்!” “அட்ஜெக்டிவ்?” “ஃபேட்!” முப்பது பேர் சிரிக்கிற சிரிப்பில் ஃபேன் சத்தம் அமுங்கிப்போகிறது. “வெர்ப்ப அவுகளே சொல்லட்டும். எந்திரிங்கக்கா.” முந்தானையைக் கைக்குள் சுருட்டிக்கொண்டு எழுகிறாள். “ஸ்வெட், சார்.” “ஸ்வெட் இல்ல, ஸ்வெட்ஸ். கடைசி எழுத்த முழுங்காதீக.” மறுபடி சொல்கிறாள். பின் பெஞ்சில் யாரோ விசிலடிக்கிறான். மூன்றாம் தடவை சுத்தமாக வருகிறது: “ஸ்வெட்ஸ்.” “வெரி குட்!” என்கிறார் சார். அந்த வார்த்தைக்கு அவள் முகம் மலர்ந்துவிடுகிறது. அவளால் அதைத் தடுக்க முடியவில்லை. உட்கார்ந்ததும், பலகையில் இருக்கிற வாக்கியத்தை ஒரு பிழையுமில்லாமல் நோட்டில் எழுதிக்கொள்கிறாள்.