பிரேக் மிதிக்க ஒரு ஆள்

கூடப் பிறந்த தம்பி கார் சர்வீஸில் பிரேக் வேலை பார்ப்பவன். குடியிருப்பதும் அதே வீட்டின் கீழ்ப்பகுதியில்தான். அப்படியிருந்தும் குணசேகர் ஞாயிற்றுக்கிழமை காலையில் போனில் வீடியோவைப் பார்த்துப் பார்த்து, தன் காருக்குத் தானே பிரேக் பேடும் டிஸ்க்கும் மாற்றிக்கொண்டிருந்தார்.

பெங்களூர் மர்பி டவுனில் அந்தத் தெருவே வேடிக்கை பார்த்தது.

எட்டு மாதமாக அண்ணன் தம்பிக்குள் பேச்சு இல்லை. குணசேகர் மகளின் மஞ்சள் நீராட்டுப் பத்திரிகையில் சித்தப்பா உத்தமன் பெயர் விட்டுப்போயிருந்தது. உத்தமன் விழாவுக்கு வரவில்லை. அண்ணன் போய்க் கூப்பிடவும் இல்லை.

"இவ்ளோ வீம்பு ஆகாதுங்க. தம்பிய வீட்டுக்குள்ளயே வெச்சிக்கினு..." என்றாள் மனைவி செண்பகம்.

குணசேகர் காதில் வாங்கவில்லை. தேய்ந்த டிஸ்க்கைத் தட்டிக் கழற்றினார். புதியதை மாட்டி, பேடுகளைச் செருகி, போல்ட்டை முறுக்கினார். பார்த்தால் வேலை முடிந்த மாதிரிதான் இருந்தது.

"பிரேக் ஆயில் பைப்புல இருக்கற ஏர் எடுக்கணும். பிரேக் மிதிக்க ஒரு ஆள் வேணும்" என்றார், தெருவுக்கே கேட்கும்படி.

நான் மிதிக்கிறேன் என்று செண்பகம் வந்தாள். அவள் காலில் பலம் போதாதாம். எதிர்வீட்டு எத்திராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். அவர் காலில் பலம் ஜாஸ்தியாம், பெடல் உடைந்துவிடுமாம்.

"இவனுக்கு அளவு சொல்லி ஆர்டர் குடுத்துத்தான் காலு செய்யணும்" என்று எத்திராஜ் திரும்பிப் போனார்.

கீழ்வீட்டுக் கதவு திறந்தது. உத்தமன் யார் முகத்தையும் பார்க்காமல் வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தான்.

சக்கரத்துக்குப் பின்னாலிருந்து அண்ணன் குரல் வந்தது.

"மிதி."

மிதித்தான்.

"புடி... உடு."

விட்டான்.

இடது பக்கம் முடிந்தது. அண்ணன் வலது பக்கம் போனார். இந்த மூன்று வார்த்தையைத் தவிர வேறு பேச்சு இல்லை.

"மிதி. பத்திரிகைய நான் படிச்சே பாக்கல உத்தமா. அப்படியே அச்சுக்குக் குடுத்துட்டேன். புடி."

பிடித்தான்.

"சித்தப்பா எங்கன்னு பாப்பா கேட்டுக்கினே இருந்தா. உடு."

உத்தமன் காலை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் பெடல் மேலே வந்தது.

"நானும் வந்திருக்கணும்ணா."

செண்பகம் உள்ளே ஓடிப்போய் இன்னும் ரெண்டு ஆழாக்கு அரிசி களைந்து போட்டாள்.

பிரேக் பிடிக்கிறதா என்று பார்க்க அண்ணனும் தம்பியும் அல்சூர் ஏரியைச் சுற்றப் போனார்கள். ஒரு சுற்று போதும். மூன்று சுற்று சுற்றிவிட்டு வந்தார்கள். மத்தியானம் எல்லோருக்கும் மேல்வீட்டில் சாப்பாடு.

சாயந்திரம் கீழே வந்ததும் உத்தமனின் மனைவி சொர்ணம் கேட்டாள். பேடும் டிஸ்க்கும் மாற்றினால் இவ்வளவு நேரமா ஏர் எடுப்பார்கள்?

"எடுக்கவே தேவையில்ல. ஆயில் பைப்பக் கழட்டினாத்தான் எடுக்கணும். அண்ணன் அதத் தொடவே இல்ல."

"பாவம், தெரியாம செஞ்சிட்டாரா? நீங்களாவது சொல்லக்கூடாதா?"

"தெரியாமலா? ஏர் எடுக்க நட்டத் தொறந்தா, மிதிக்கிறவன் காலுக்குக் கீழ பெடல் அடிவரைக்கும் எறங்கும். இன்னிக்கு ஒரு தடவகூட அப்படி எறங்கல. அவரு அந்த நட்டுல ஸ்பேனரையே வெக்கல" என்று சிரித்தான் உத்தமன். "தெரிஞ்சேதான் நானும் நாப்பது தடவ மிதிச்சேன்."