மூத்தவன் வைத்த பங்கு

"ரெண்டாயிரத்துக்கு ஒரு பைசா கொறையாதுங்க!" என்று காரின் மட்கார்டில் ஓங்கித் தட்டினார் தரகர் சவுரியப்பன்.

தட்டிய தட்டில் இரண்டு வருடப் புழுதி எழுந்து அவர் மூக்கிலேயே ஏறியது. பென்னாகரத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்த ஊரின் ஒரே பிளசர் கார் அதுதான். மாதப்பன், தீர்த்தன் என்ற அண்ணன் தம்பிகளின் அப்பா வாங்கியது. அவர் காலத்துக்குப் பிறகு அண்ணன் மாதப்பன் ஓட்டினார். யுத்தம் வந்து பெட்ரோலுக்குக் கூப்பன் போட்டதிலிருந்து மாட்டுக் கொட்டகையில் முடங்கிக் கிடந்தது.

இன்று பாகப் பிரிவினை. காரை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தியிருந்தார்கள். கயிற்றுக் கட்டிலில் ஊர்க்கவுண்டர் வெங்கடாசலம். சுற்றிலும் ஊர்.

"இந்தப் பழசுக்கா ரெண்டாயிரம்?" என்றார் கவுண்டர்.

"பழசுக்குத்தாங்க இப்பக் கிராக்கி! சண்டை நடக்குது, கப்பல் வர்றதில்ல. புது வண்டி எங்கிருந்து வரும்? யானை செத்தாலும் ஆயிரம் பொன்னும்பாங்க. இது சாகக்கூட இல்லீங்க, உசுரோட நிக்குது!"

மாதப்பன் தலையைத் தாழ்த்திக்கொண்டார். தண்ணீர் ஊற்ற மறந்து ஓட்டி வந்ததில், கொட்டகையில் நுழைந்த அன்றே அதன் இன்ஜின் வெடித்துவிட்டது. ஊருக்குச் சொன்னது கூப்பன் கதை. இன்று இந்த விலையைச் சொல்லும்படி, தருமபுரிச் சந்தையில் சவுரியப்பன் மடியில் நோட்டைச் செருகியவரும் அவரேதான்.

எல்லாம் கிணத்துக்காட்டுக்காக. மூத்தவன் பங்கு வைக்க வேண்டும், இளையவன் முதலில் எடுக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். மாதப்பன் வைத்தது இரண்டு பங்கு. ஒன்று, வற்றாத கிணற்றோடு கிணத்துக்காடு. மற்றது, வானம் பார்த்த கல்லாங்காடும், அதற்கு ஈடுகட்ட இந்தக் காரும். தம்பி தீர்த்தனோ சின்ன வயதிலிருந்தே மோட்டார்ப் பைத்தியம். விலையும் சமமாகிவிட்டால் அவன் கை காருக்குத்தான் நீளும், கிணறு தனக்கு மிஞ்சும் என்பது அண்ணன் போட்ட கணக்கு. மூன்று பெண்களைக் கரையேற்ற வேண்டுமே!

தீர்த்தன் காரைச் சுற்றிச் சுற்றி வந்தான். ரப்பர்ப் பந்து ஹாரனை அமுக்கிப் பார்த்தான். அது ஊளையிட்டதும் குழந்தை மாதிரி சிரித்தான்.

"ஏங்க, மூடியத் தொறந்து இன்ஜினப் பாக்கலீங்களே?"

சவுரியப்பனுக்கு இருமல் வந்தது. "முப்பது வருசமா இதே பொழப்பு தம்பி. தட்டிப் பாத்தாலே எனக்கு நாடி தெரிஞ்சுரும்."

"அப்பச் சரிங்க. எங்கப்பா ஓட்டுன வண்டி, இன்னொரு நூறு சேத்துப் போடுங்க!"

கூட்டம் சிரித்தது. மாதப்பனுக்குக் காது மடல் சுட்டது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவருக்கு நெஞ்சே கூசிப்போயிற்று. ஆத்தா போன பிறகு தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை. இந்த வெகுளியையா ஏமாற்றுகிறோம்? எழுந்து உண்மையைச் சொல்லிவிடலாமா? சொன்னால் ஊர் காறித் துப்புமே.

கவுண்டர் தொண்டையைச் செருமினார். "தீர்த்தா, எளையவன் நீ. எந்தப் பங்கு வேணும், சொல்லு."

கிணத்துக்காடு என்று சொல்லித் தொலையேன்டா என்றது மாதப்பனின் ஒரு மனது. சொல்லிவிடாதேடா என்றது இன்னொன்று.

"காருங்க!" என்றான் தீர்த்தன், யோசிக்காமல். "கெணத்துக்காடு அண்ணனுக்கு."

"நல்லா ரோசன பண்ணிக்கடா. அப்பறம் வந்து நிக்கக் கூடாது."

"பண்ணிட்டனுங்க."

வெற்றிலை பாக்கு மாற்றினார்கள். நினைத்தது நடந்தும் மாதப்பனால் நிமிர்ந்து உட்கார முடியவில்லை. தம்பி கொடுத்த வெற்றிலையை வாங்கி, மெல்லாமல் மடியில் முடிந்துகொண்டார்.

தீர்த்தன் காரில் தாவி ஏறி ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டான். "பெட்ரோல் இல்ல. எம்பட வூடு நாலு வூடு தாண்டித்தானே, நீயே தள்ளிவுடுணா."

ஏழெட்டுப் பேர் உதவிக்கு ஓடி வந்தார்கள். அவன் கையைக் காட்டித் தடுத்தான். "யாரும் வராதீங்க! எங்கண்ணன் கையால வாங்கற பங்கு இது."

மாதப்பன் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பின்னால் போய்த் தள்ளினார். கித்தான் கூரை மக்கிக் கிழிந்து போனதால் தம்பியின் முதுகு மட்டும் தெரிந்தது. அவன் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பது அவருக்கு ஆறுதலாக இருந்தது. கூட்டம் பின்தங்கியது. கார் முக்கி முனகி இரண்டு வீட்டைத் தாண்டியது.

தீர்த்தன் திரும்பிப் பார்க்காமலே, மெதுவாகப் பேசினான்.

"போன மாசம் நீ அரூருக்குப் போயிருந்தப்ப, சேலத்து மோட்டார் மேஸ்திரி ஒருத்தரக் கூட்டியாந்து இதக் காட்டுனேன்ணா. இன்ஜின் வெடிச்சுக் கெடக்குது, இரும்பு வெலைக்குத்தான் போவும்னுட்டாரு."

மாதப்பனின் கால்கள் அப்படியே நின்றன. காரும் நின்றது.

"மூணு பொண்ணு வச்சிருக்கறேன், கெணத்துக்காடு எனக்கு வேணும்டான்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் குடுத்திருக்க மாட்டனா?" தீர்த்தன் அப்போதும் திரும்பவில்லை. "நிக்காதணா, தள்ளு. ஊரு பாக்குது."