இரண்டு காலத்திலும் இசக்கிசெல்வி

மாட்டுங்காவிலிருந்து தாராவிக்குத் தேடிவந்த டைரக்டர் சாதனா, இசக்கிசெல்வியிடம் மொபைலை நீட்டினாள்.

"எங்க வெப் சீரிஸ்ல வர்ற இது நீங்கதானே? வெள்ளைக்காரன் காலத்துல குடத்தோட ஓடறேள். இன்னும் நூறு வருஷம் கழிச்சு, அதே குடத்தோட இந்த சீன்லயும் ஓடறேள்."

போன வருஷம் சாதனாவின் குழுவினர் இந்தச் சந்தின் ஒரு முனையில் பழைய காலத்தையும் மறுமுனையில் வருங்காலத்தையும் ஒரே நேரத்தில் படம்பிடித்தார்கள். குறுக்கே வராதே என்று சொல்லியும் இசக்கிசெல்வி இரண்டு முனை வழியாகவும் ஓடியிருந்தாள்.

"தெரியாமப் போயிட்டேம்மா. கேஸு கீஸு போட்டுராதிய."

"கேஸா? சீரிஸ் ரிலீஸ் ஆனதுலேர்ந்து ஜனங்க உங்களைத்தான் கேக்கறா. ரெண்டு காலத்தையும் இணைக்கற சக்தியே நீங்கதானாம். ஹீரோவை ஒருத்தரும் சீந்தலை. அடுத்த சீசன்ல நீங்கதான் மெயின்."

இசக்கிசெல்வி ஒரு ஸ்டூலை முந்தானையால் துடைத்து சாதனா பக்கம் தள்ளினாள்.

சாதனா குரலைத் தாழ்த்தினாள். "கதை எழுத உக்காந்தா எனக்கே புரியலை. சொல்லுங்கோ, அன்னிக்கு எங்கதான் ஓடினேள்?"

"அடுப்புல பால வச்சிட்டு தண்ணி பிடிக்கப் போனேம்மா. திடீர்னு நெனப்பு வந்துச்சு, ஜல்தியா ஓடுனேன்."

சாதனா அவள் கையை இறுகப் பற்றிக்கொண்டாள்.

"பொங்கிடுத்தா?"